கைலாசாவை இனிச் சிரித்துக் கடக்க முடியாது

பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் பாவுரே பழங்குடியினரைத் தேடி 2024-இன் பிற்பகுதியில் சிலர் போனார்கள். அந்த நாட்டில் காட்டுத்தீ பெருநாசம் செய்திருந்த நேரம் அது. உதவி செய்வதைப் பற்றித் தொடங்கிய பேச்சு மெல்ல நிலத்துக்கு வந்தது. புது டெல்லியைப் போல மூன்று மடங்கு பரப்பு, 25 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டாலர். பாவுரே தலைவர் சொன்ன கணக்குப்படி அவர் வாயால் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான். போனவர்கள் மறுபடி வந்தபோது கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்த வரைவு இருந்தது. 25 ஆண்டு அதில் 1000 ஆண்டாகியிருந்தது. நிலத்தோடு வான்வெளியும் இயற்கை வளங்களைத் தோண்டி எடுக்கும் உரிமையும் சேர்ந்திருந்தன. அந்தத் தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

பொலிவியப் பத்திரிகை ஒன்று விஷயத்தை அம்பலப்படுத்தியது. அரசு விழித்துக்கொண்டு ஒப்பந்தங்கள் செல்லாது என்றது; தொடர்புடைய 20 பேரைப் பிடித்து அவரவர் நாட்டுக்கு அனுப்பிவைத்தது. குத்தகைக்குக் கேட்டது ஒரு கம்பெனி அல்ல, ஒரு 'நாடு'. பெயர் கைலாசா. அதன் தலைவர் திருவண்ணாமலையில் பிறந்த நித்யானந்தா.

இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை இனி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இந்தத் தலையங்கத்தின் கருத்து.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தங்களைத் தாங்களே நாடு என்று அறிவித்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே ரகமல்ல. லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் உஜுபிஸ் என்று ஓர் ஆற்றோரப் பேட்டை இருக்கிறது. ஓவியர்களும் கவிஞர்களும் குடியேறிய அந்த இடம் ஓர் ஏப்ரல் முதல் நாளில் தன்னைக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டது. தேதியே விளையாட்டைச் சொல்லிவிடுகிறது. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் ரிவர் கதையில் விளையாட்டைவிடக் கோபம் அதிகம். லெனர்ட் கேஸ்லி என்ற விவசாயி ஆயிரக்கணக்கான ஏக்கரில் கோதுமை போட்டு, அறுவடைக்குத் தயாராக நின்றார். அரசு கொண்டுவந்த கோட்டா முறைப்படி, ஏறத்தாழ 100 ஏக்கர் விளைச்சலை மட்டுமே அவர் விற்க முடியும் என்றாகிவிட்டது. முறையிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1970-இல் தன் 75 சதுர கிலோமீட்டர் பண்ணையைத் தனி நாடு என்று அறிவித்துவிட்டார். தன்னை இளவரசர் ஆக்கிக்கொண்டு தபால்தலை, நாணயம் எல்லாம் வெளியிட்டார். 1977-இல் ஆஸ்திரேலியா மீது சில நாள் போர்கூட அறிவித்தார். சுற்றுலாப் பயணிகள் வந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு போனார்கள். வரி பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போய் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு வந்து நின்றது. அவர் மறைந்த மறு ஆண்டு, 2020 ஆகஸ்டில், அவருடைய வாரிசுகள் நாட்டைக் கலைத்தார்கள். வரி ஏய்ப்பை நாம் மெச்சவில்லை. ஆனால் கேஸ்லி தன் நிலத்திலேயே இருந்தார். நீதிமன்றத்துக்கு வந்தார், வாதாடினார், தோற்றார். எங்கும் ஓடி ஒளியவில்லை.

இதே வரிசையில் சுவீடனின் லாடோனியாவையும் வைக்கலாம் என்றுதான் தோன்றும். லார்ஸ் வில்க்ஸ் என்ற கலைஞர், கடலோரக் காப்பகத்தில் மிதந்துவந்த மரக்கட்டைகளை அடித்து ஒரு பெரிய சிற்பம் செய்தார். அதை அகற்றச் சொன்ன அதிகாரிகளோடு பல ஆண்டு மல்லுக்கு நின்றுவிட்டு, 1996-இல் அந்தக் கரையை நாடு என்று அறிவித்தார். குடியுரிமைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். சில ஆண்டுகள் கழித்துப் பாகிஸ்தானிலிருந்து ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. விண்ணப்பித்தவர்கள் கலை ரசிகர்கள் அல்ல. ஐரோப்பாவில் ஒரு நாடு எளிதாகக் குடியுரிமை தருகிறதாம், அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள். எப்போது புறப்பட்டு வரலாம் என்று கேட்டார்கள். வில்க்ஸ் யாரையும் ஏமாற்ற நினைத்தவரில்லை. அங்கே யாரும் வசிக்க முடியாது என்று விளக்க வேண்டியதாயிற்று. நல்ல பாஸ்போர்ட் உள்ளவன் நாடு என்று சொல்லி விளையாடலாம், அது அவனுக்குக் கலை. பாஸ்போர்ட்டுக்கு வழியில்லாதவன் அதே சொல்லைக் கேட்டால் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறான்.

இந்த ஏக்கத்தை மோப்பம் பிடித்துக் கடை விரித்தவர்கள் உண்டு. மெல்கிசெடக் என்ற பெயரில் இல்லாத நாடு ஒன்று வங்கி உரிமங்களை விற்றது. வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டிய பிலிப்பைன்ஸ்காரர்கள் கையில் 1998-இல் அதன் செல்லாத பாஸ்போர்ட்தான் மிஞ்சியது. நம் நாட்டிலும் 2025 ஜூலையில் இதே நாடகம் மேடையேறியது. உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் வாடகை வீடு ஒன்றில் 'வெஸ்ட்ஆர்க்டிகா' உள்ளிட்ட நாடுகளின் பெயரில் தூதரகம் நடத்தியதாக ஒருவரைப் போலீசார் கைது செய்தார்கள். அந்த நாடு அண்டார்டிகாவில் யாரும் உரிமை கோராத பனிவெளியைத் தனது என்று சொல்லிக்கொள்வது. வீட்டு வாசலில் கொடிகள், தூதரக நம்பர் பிளேட் மாட்டிய நான்கு சொகுசுக் கார்கள், பிரதமரோடும் குடியரசுத் தலைவரோடும் நிற்பதுபோல ஒட்டுவேலை செய்த படங்கள், 44 லட்ச ரூபாய்க்கு மேல் ரொக்கம். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறித்தார் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் இருக்கும் இடத்திலிருந்து கார் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், அந்த வீட்டுக்கு.

நாடு என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லாமல் இல்லை. 1933-இன் மான்டவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். பரப்பளவுக்குக் குறைந்தபட்ச அளவு எதுவும் அதில் இல்லை. பசிபிக் கடலில் உள்ள நவுருவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கேஸ்லியின் பண்ணை அதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். ஆனால் நவுரு ஐ.நா. உறுப்பு நாடு.

இந்தத் தகுதிகளை ஒரு நீதிமன்றம் உரசிப் பார்த்த வழக்கு உண்டு. இங்கிலாந்துக் கடலோரத்தில், இரண்டாம் உலகப் போரில் பீரங்கி வைப்பதற்காகக் கட்டிய ஒரு மேடை கைவிடப்பட்டுக் கிடந்தது. முன்னாள் ராணுவ மேஜர் ராய் பேட்ஸ் 1967-இல் அதைப் பிடித்து 'சீலாந்து' என்று பெயரிட்டுக்கொண்டார். மறு ஆண்டு அந்தப் பக்கம் வந்த கப்பலை நோக்கித் துப்பாக்கியால் சுட்ட வழக்கில், சம்பவ இடம் அன்றைய மூன்று மைல் கடல் எல்லைக்கு வெளியே இருக்கிறது, எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று பிரிட்டிஷ் நீதிமன்றம் விட்டுவிட்டது. பேட்ஸ் இதைத் தன் சுதந்திரத்துக்குச் சான்றிதழ் என்றார். 1978-இல் ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் அடங்கிய கூலிப்படை மேடையைக் கைப்பற்ற, பேட்ஸ் ஹெலிகாப்டரில் போய் மீட்டார். ஒரு ஜெர்மன் வழக்கறிஞரைச் சிறைபிடித்து வைத்துக்கொண்டார். அவரை விடுவிக்கப் பேச லண்டனிலிருந்து ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவர் வந்தார். அதுவும் பேட்ஸுக்குச் சான்றிதழ் ஆயிற்று: ஜெர்மனி எங்களை அங்கீகரித்துவிட்டது!

அதே 1978-இல் ஜெர்மனியின் கொலோன் நகர நிர்வாக நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. தூண் மேல் நிற்கும் மேடை நிலமாகாது. வியாபாரத்துக்கும் வரிச் சலுகைக்கும் பேர் பதிந்துகொண்டவர்கள் மக்களாக மாட்டார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை ஒன்றாக வாழ்ந்து, ஒருவர் சுகதுக்கத்தில் இன்னொருவர் பங்கெடுக்கும் சமூகமாக இருந்தால்தான் மக்கள். சீலாந்தின் பெயரில் போலி பாஸ்போர்ட்கள் உலகமெங்கும் சுற்றிக் குற்றவாளிகள் கைக்கெல்லாம் போக, 1997-இல் சீலாந்தே தான் வழங்கியவற்றையும் சேர்த்து ரத்து செய்ய நேர்ந்தது.

கைலாசாவின் உத்தி பேட்ஸிடமிருந்து கற்றதுபோல இருக்கிறது. அங்கீகாரம் கிடைக்காது என்று தெரியும். ஆகவே அங்கீகாரம்போலத் தோன்றும் எதையும் விடாமல் சேகரிப்பது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகராட்சி, கைலாசாவைத் தன் சகோதர நகரமாக்கி விழா நடத்தியது. அப்படி ஒரு நகரமே உலகில் இல்லை என்பது விழா முடிந்த பிறகு தெரியவர, ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தது. அதே ஆண்டு பராகுவே விவசாய அமைச்சகத்தின் உயர் அதிகாரி ஒருவர் கைலாசாவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வேலையை இழந்தார். கைலாசாவோடு தூதரக உறவு ஏற்படுத்தும்படி தன் அரசுக்கே பரிந்துரையும் செய்திருந்தார் அவர். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டி நானும் சம்பந்தி என்பதைப் போன்ற உரிமை கோரல்தான் இது. ஆனால் படம் பலிக்கிறது. நியூவார்க் ரத்து செய்த செய்தி பக்தர்களிடம் போய்ச் சேருவதில்லை, கைகுலுக்கும் படம் சேர்கிறது. நாளைக்கு வேறொரு காட்டில் வேறொரு பழங்குடித் தலைவர் முன் அதே படம் விரிக்கப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இனி நம் தீர்ப்பைச் சொல்லலாம். நித்யானந்தா மீது 2010-இல் கர்நாடகத்தில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்கு இருக்கிறது. குழந்தைகளைக் கடத்தி அடைத்துவைத்த புகாரில் 2019-இல் குஜராத் போலீசார் பதிந்த வழக்கு இருக்கிறது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். அவர் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது பத்திரிகையின் வேலையல்ல, நீதிமன்றத்தின் வேலை. அந்த நீதிமன்றம் தன் வேலையைச் செய்ய முடியாதபடி நாட்டை விட்டு வெளியேறி, அப்படி வெளியேறியதற்கே ஒரு கொடியும் ரிசர்வ் வங்கியும் வைத்துக்கொண்டதைத்தான் நாம் குற்றம் என்கிறோம். கேஸ்லிக்கு ஒரு குறை இருந்தது, அதைச் சொல்ல நாடு என்ற வேடத்தைக் கட்டினார். இங்கே பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லாமல் இருப்பதற்காக நாடு கட்டியிருக்கிறார். இதற்கு மதத்தைத் துணைக்கு அழைப்பது இன்னும் மோசம். கைலாசம் என்ற பெயரை அன்றாடம் பூசையில் சொல்லும் கோடிக்கணக்கானவர்களில் யாரும் இவரைத் தங்கள் நாட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மதுரை ஆதீனத்தின் வாரிசாக இவரை 2012-இல் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பும், அதே ஆண்டில் அந்த நியமனம் திரும்பப் பெறப்பட்டதும் தமிழ்நாட்டுக்கு நினைவிருக்கும்.

கைலாசா செய்த மிகப் பெரிய பாவம் என்று நாம் கருதுவது ஜெனீவாவில் நடந்தது. 2023 பிப்ரவரி 22, 24 தேதிகளில் ஐ.நா. மனித உரிமைக் குழுக்கள் இரண்டு பொது விவாதம் நடத்தின. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து பங்கேற்கலாம். கைலாசாவின் 'நிரந்தரத் தூதர்' என்று சொல்லிக்கொண்ட பெண் எழுந்து, தங்கள் தலைவர் பிறந்த நாட்டிலேயே துன்புறுத்தப்படுகிறார், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். அந்தப் பேச்சு விவாதப் பொருளுக்குத் தொடர்பற்றது, கணக்கில் எடுக்க மாட்டோம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பிறகு விளக்கம் தந்தது. அதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது.

அதே வாரத்தில்தான், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்து ஆறு ஆண்டு நிறைந்தது. 2017 பிப்ரவரி 20 அன்று உட்கார்ந்தவர்கள் அவர்கள். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பலர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள். அவர்களில் சிலர் இதே ஜெனீவாவுக்குப் போயிருக்கிறார்கள். மனித உரிமைப் பேரவையில் யாரோ ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. துன்புறுத்தல், சிறுபான்மை, பூர்வகுடி என்ற சொற்களெல்லாம் இப்படிப்பட்டவர்கள் ரத்தம் சிந்திச் சம்பாதித்தவை. அவற்றைப் பிடி வாரண்டிலிருந்து தப்பியவர் எடுத்துக் கையாண்டால், அடுத்த முறை உண்மையான தாய் வந்து நிற்கும்போது கேட்பவர் காதில் அந்தச் சொல் மலிந்துபோயிருக்கும். நாம் சிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பழியை முழுக்க ஒரு சாமியார் தலையில் கட்டிவிட்டு எழுந்துபோகவும் முடியாது. போலி அங்கீகாரம் விலைபோகிறது என்றால், உண்மையான அங்கீகாரத்தை வல்லரசுகள் பேரப்பொருளாக்கி வைத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். மான்டவிடியோ உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவின்படி ஒரு நாட்டின் இருப்பு பிறர் அங்கீகாரத்தைச் சார்ந்தது அல்ல. தாளில் இருப்பது அது. நடப்பது வேறு. சோமாலிலாந்து 1991-இல் தனியாகப் பிரிந்தது. தனி நாணயம், ராணுவம் எல்லாம் உண்டு. தேர்தலில் ஆளுங்கட்சி தோற்று அதிகாரம் கைமாறியும் இருக்கிறது. முப்பதாண்டுக்கு மேல் ஒரு நாடும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, ஐ.நா.வில் இன்றும் இடமில்லை. மேற்கு சகாராவின் சஹ்ராவி மக்களுக்கு 1991-இல் ஐ.நா. வாக்கெடுப்பு வாக்களித்தது, இன்றுவரை நடக்கவில்லை; அல்ஜீரியாவின் டிண்டூஃப் பாலைவன முகாம்களில் தலைமுறைகள் பிறந்து வளர்கின்றன. 2020-இல் மொராக்கோ இஸ்ரேலோடு உறவுக்கு ஒப்புக்கொண்டதும், சகாரா மொராக்கோவுக்கே சொந்தம் என்று அமெரிக்கா அறிவித்தது. யாருடைய நிலத்தை யார் யாருக்கு எதற்கு ஈடாகக் கொடுத்தார்கள்! முன்னர் சொன்ன நவுரு தைவானை விட்டுச் சீனாவுக்கு, மறுபடி தைவானுக்கு, 2024-இல் திரும்பவும் சீனாவுக்கு என்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஏழை நாட்டின் பிழைப்பு அது. அதைவிட விலை பேசுகிறவர்கள்தான் கேவலம்.

அங்கீகாரத்தை அறத்தோடு கையாண்ட தருணங்களும் உண்டு. 1976-இல் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு, கறுப்பினத்தவரின் குடியுரிமையைப் பறிக்கும் சூழ்ச்சியாக டிரான்ஸ்கை என்ற பொம்மை நாட்டுக்குச் சுதந்திரம் கொடுத்தது. நிலம், மக்கள், அரசு எல்லாம் இருந்தும், ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டபடி தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் ஒரு நாடும் அதை ஏற்கவில்லை. 1971 டிசம்பர் 6 அன்று, போர் முடிவதற்கு முன்பே, வங்கதேசத்தை இந்தியா அங்கீகரித்தது. சீனாவின் வீட்டோவைத் தாண்டி அந்த நாடு ஐ.நா.வுக்குள் நுழைய 1974 ஆயிற்று. இரண்டு இடத்திலும் தகுதிப் பட்டியலோடு ஒரு கேள்வியும் கேட்கப்பட்டது: இந்த நாடு யாருக்காக?

தமிழ் ஊடகங்களாகிய நாமும் கூண்டில் ஏற வேண்டியவர்கள்தான். கைலாசா விசா எப்படி வாங்குவது என்று ஒரு கிரிக்கெட் வீரர் கேட்டதும், அங்கே உணவகம் திறக்க மதுரைக்காரர் ஒருவர் அனுமதி கேட்டதும் நமக்கு நாள்கணக்கில் தீனியாயின. கைலாசா நாணயத்தின் படத்தை வண்ணத்தில் போட்டோம். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை எத்தனை பேர் தொடர்ந்து எழுதினோம்? 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவருடைய ஜாமீனை ரத்து செய்ததைவிட, அந்த ஆகஸ்டில் அவர் 'ரிசர்வ் வங்கி' தொடங்கிய செய்திதான் அதிகம் ஓடியது.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகளும் அல்ல. ஐ.நா. குழுக்கள் திறந்த விவாதத்தை மூட வேண்டாம். அது எளியவர்களுக்கான கதவு. பதிவு செய்கிறவர் எந்த நாட்டின் பெயரை எழுதுகிறாரோ அது உறுப்பு நாடா, பார்வையாளரா என்று பார்த்துப் பெயர்ப்பலகை எழுத ஒரு நிமிடம் போதும். நகராட்சிகளும் அமைச்சகங்களும் கையெழுத்துக்கு முன் தங்கள் வெளியுறவுத் துறைக்கு ஒரு போன் போடட்டும். பாவுரே மக்களைப் போன்றவர்கள் கையெழுத்திடும் எந்த ஒப்பந்தமும் அவர்கள் மொழியில் எழுதப்பட்டு, அவர்கள் தரப்பு வழக்கறிஞர் படித்துக் காட்டிய பிறகே செல்லும் என்ற விதி எல்லா நாட்டிலும் வர வேண்டும்.

டெல்லிக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டோம் என்று 2019 டிசம்பரில் சொன்ன வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு என்ன செய்தது? எந்தெந்த நாட்டுக்கு எழுதினார்கள், என்ன பதில் வந்தது, ஒப்படைப்புக் கோரிக்கை எங்கே நிற்கிறது? புகார் கொடுத்தவர்கள் 2010-இலிருந்து காத்திருக்கிறார்கள். வரும் கூட்டத்தொடரிலேயே தமிழ்நாட்டு உறுப்பினர்களும் கர்நாடக உறுப்பினர்களும் கட்சி பாராமல் இந்தக் கேள்வியை எழுத்துமூலம் கேட்கட்டும். அமைச்சர் தேதிவாரியாகப் பதிலைச் சபையில் வைக்கட்டும்.